நுனியில் ஒரு ஸ்டட்

எங்கள் வீட்டு வாசலில் சாவி போட்டுவைக்கும் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஐந்தாறு வருடமாகக் கிடக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான், ஒரு பக்கம் மழுங்கியும் மறுபக்கம் ரம்பம் போன கோடுகளோடும் இருக்கும். என் மனைவி கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம் இதைத் தூக்கிப் போடவா என்று கேட்பாள், நான் வேண்டாம் என்று எடுத்து மறுபடி உள்ளே போட்டுவிடுவேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று அப்போது கேட்டிருந்தால் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு கோபத்தின் மிச்சமாகத்தான் முதலில் அது வீட்டுக்கு வந்தது.

மகனுக்கு அப்போது எட்டு வயது. டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவுக்குக் குடிவந்த முதல் வருடம், வாரக்கடைசி சாக்கர் லீக் ஒன்றில் சேர்த்திருந்தோம். (பெயர்க் குழப்பம் வராமல் இருக்க இங்கே புழங்கும் பெயர்களையே எழுதுகிறேன். நாம் ஊரில் ஃபுட்பால் என்று சொல்வது சாக்கர், முட்டை வடிவப் பந்தைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுவது ஃபுட்பால்.) என்ன வாங்க வேண்டும் என்று அனுப்பிய பட்டியலில் ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் தகடு), மூன்றாம் எண் பந்து, தண்ணீர் பாட்டில், கிளீட்ஸ் என்று இருந்தது. அடியில் ஸ்டட், அதாவது தரையைப் பிடிக்கிற குமிழ்கள், வைத்த எந்த ஷூவாக இருந்தாலும் அமெரிக்காவில் கிளீட்ஸ்தான். நான் கடைக்குப் போனேன், தள்ளுபடி அலமாரியில் மகனின் அளவில் ஒரு ஜோடி இருந்தது, அட்டைப்பெட்டியில் கிளீட்ஸ் என்று எழுதியிருந்தது, வாங்கி வந்துவிட்டேன். எட்டு வயதுக் கால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும், அதற்கு யார் அதிகம் செலவழிப்பார்கள்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. ரெஃபரி ஒரு பள்ளிக்கூடப் பையன், பதினைந்து வயது இருந்தால் அதிகம். ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகளைக் கோட்டில் வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொருவரின் ஷின் கார்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். அப்புறம் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லி ஒவ்வொரு காலாகப் பின்னால் மடக்கித் தூக்கச் சொன்னான். குதிரைக்கு லாடம் அடிக்கிறவர் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது போல ஒவ்வொரு உள்ளங்காலையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். என் மகனிடம் வந்ததும் நின்றுவிட்டான். ஷூவின் முன் நுனியில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்த ஒற்றை ஸ்டட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதோடு ஆட முடியாது என்று சொன்னான்.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். போயிருக்கக் கூடாது. இதுவும் கிளீட்ஸ்தானே, கடையில் அப்படித்தானே விற்கிறார்கள் என்று கேட்டேன். அவன் மரியாதையாகவே சொன்னான்: இது ஃபுட்பாலுக்கோ பேஸ்பாலுக்கோ போடுவது, நுனியில் ஸ்டட் இருந்தால் சாக்கரில் ஆட விட மாட்டோம், அடுத்தவருக்கு அடிபடும். மீதி ஸ்டட் எல்லாம் அடிபடாதா, இந்த ஒன்று மட்டும்தான் அடிபடுமா என்று கேட்டேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். மாற்று ஷூ கொண்டுபோகவில்லை, வரும்போது காலில் போட்டிருந்தது செருப்பு. முதல் பாதி முழுக்கப் புல்லில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, மற்ற பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

இடைவேளையில் எங்கள் அணியில் ஆடிய இன்னொரு பையனின் அப்பா வந்தார். கட்டட வேலை செய்கிறவர், பிக்கப் வண்டியில் கருவிப் பெட்டி இருந்தது. ஷூவைக் கொடு என்று சைகை காட்டி வாங்கிக்கொண்டு போனார், வண்டியின் பின் கதவில் வைத்து ரம்பத்தால் நாலு இழுப்பு இழுத்தார், ஸ்டட் தெறித்து விழுந்தது. ரெஃபரி வெட்டிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது என்றான். நடைபாதைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக் கொண்டுபோனோம். இரண்டாம் பாதியில் மகன் ஆடினான். விழுந்த துண்டை நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது. இது ஒரே பொருள், இரண்டு பெயரில் இரண்டு விலையில் விற்கிறார்கள், நடுவே ஒரு பிளாஸ்டிக் குமிழை வைத்துவிட்டு விதி என்கிறார்கள். அடுத்த ஐந்து வருடம் இதை நான் பலரிடமும் சொன்னேன். புதிதாக வந்து சேர்கிற நம்மூர்க் குடும்பங்கள் பிள்ளைக்கு எந்த ஷூ வாங்குவது என்று கேட்கும்போது, எது விலை குறைவோ அதை வாங்குங்க, நுனியை மட்டும் அறுத்துடுங்க, போதும் என்றே சொல்லியிருக்கிறேன். இதை எழுதுவதற்கு அந்த அறிவுரையும் ஒரு காரணம்.

ஒரே புல், இரண்டு கோடுகள்

இந்த ஊரில் வளரும் பிள்ளை ஏதோ ஒரு வயதில் இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே வந்து நின்றே ஆக வேண்டும். டல்லாஸ் கௌபாய்ஸ் ஃபுட்பால் அணியின் தலைமையகம் ஃப்ரிஸ்கோவில்தான் இருக்கிறது, எஃப்சி டல்லாஸ் சாக்கர் அணி ஆடும் டொயோட்டா ஸ்டேடியமும் இங்கேதான், அமெரிக்க சாக்கரின் புகழ் மண்டபமும் அந்த ஸ்டேடியத்தோடு ஒட்டியே 2018-ல் திறந்தது. அதே ஸ்டேடியத்தில் உயர்நிலைப்பள்ளி ஃபுட்பால் ஆட்டங்களும் நடக்கும். சனிக்கிழமை சாக்கர் பார்க்கப் போனால் வெள்ளிக்கிழமை ஃபுட்பாலுக்குப் போட்ட கோடுகளின் மங்கல் புல்லில் தெரியும். பார்த்துப் பழகிப்போனதால் எனக்கு இரண்டும் ஒரே மைதானம், ஒரே புல், ஒரே ஓட்டம் என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது.

மகன் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் ஃபுட்பாலில் சேரப் போகிறேன் என்றான். டெக்சாஸ் பள்ளிகளில் ஏழாம் வகுப்பில்தான் பள்ளி அணி தொடங்குகிறது. நண்பர்கள் எல்லோரும் சேர்கிறார்கள், இவனும் சேர வேண்டும். திருச்சியிலிருந்து என் அப்பா வீடியோ காலில் கேட்டுவிட்டு, "ஃபுட்பாலா? ரொம்ப நல்லது கண்ணா, நானும் ஜமால் முகமது கிரவுண்ட்ல ஆடினவன்தான்" என்றார். இல்ல தாத்தா, இது வேற என்று அவன் தலைக்கவசத்தை எடுத்துக் காட்டினான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலுக்கு என்ன போடுவே?" என்று மட்டும் கேட்டார். சாக்கருக்குப் போட்டதுதான் தாத்தா, அதே போதும்னு அப்பா சொல்லிட்டாங்க என்றான் இவன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அவனிடம் நல்ல சாக்கர் ஷூ ஒன்று புதிதாகவே இருந்தது. கோச்சிடம் கேட்டோம், போடலாம், தடை இல்லை என்றார். பார்த்தாயா, இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஈரப்புல்லில் மூன்று தடவை

பயிற்சி காலையில், பள்ளி தொடங்கும் முன். ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸில் அந்த ஒரு நேரம்தான் வெயில் கொல்லாது. அவனை இறக்கிவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கைப் புல், இரவு நீர் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. பையன்களை இரண்டு வரிசையாக நிறுத்தி ஒரு கையைத் தரையில் ஊன்றச் சொன்னார்கள். இடுப்பு மேலே, தலை முன்னால், உடம்பின் கனம் முழுவதும் கால்விரல் நுனியில். விசில் ஊதியதும் அந்த நிலையிலிருந்து முன்னால் பாய வேண்டும், எதிரில் ஒருவர் தடுப்புப் பஞ்சு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதை மோதித் தள்ள வேண்டும்.

விசில் ஊதினார்கள். மற்ற பையன்கள் பாய்ந்தார்கள். என் மகனின் வலது கால் பின்னால் வழுக்கி முழங்கால் தரையில் இடித்தது. பயந்துவிட்டான் போல என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை நான் அவன் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தேன். விசிலுக்கு அவன் தாமதிக்கவில்லை, பயப்படவும் இல்லை. எல்லோரையும் போலத்தான் கால்விரலால் தரையைப் பின்னோக்கி உதைத்தான். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும்போது ஷூவில் தரையைத் தொடுவது முன் நுனி மட்டும்தான், அவன் ஷூவின் முன் நுனியில் ஒன்றும் இல்லை. வழவழவென்று வளைந்த பிளாஸ்டிக், ஈரப்புல்லில் சோப்பு மாதிரி போனது.

காரில் ஏறினதும் அவன் சொன்னான்: "அப்பா, விரல் நுனியில பிடிக்க ஒண்ணுமே இல்ல. வழுக்கிட்டே போகுது."

அவனுக்கு ஞாபகம் இல்லை. எட்டு வயதில் அவன் ஷூவிலிருந்து அறுத்து எறிந்ததைத்தான் இப்போது கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன். ஐந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது வாயில் கசந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஃபுட்பால் ஷூ ஒன்று வாங்கிவந்தோம். இரவு எல்லோரும் தூங்கின பிறகு இரண்டு ஜோடியையும் சமையல் மேடையில் விளம்பரத் தாளை விரித்துக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் கிண்ணத்திலிருந்த அந்தத் துண்டையும் எடுத்து வைத்தேன். முதல்முறையாக, விலைச்சீட்டைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

சாக்கர் ஷூவின் மேல்பாகம் அவ்வளவு மெல்லிசு, உள்ளே விரலை விட்டால் வெளியே விரலின் வடிவம் தெரிகிறது. பந்து தோலில் படுவது தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. அடியில் ஸ்டட்கள் பெரும்பாலும் ஓரத்தை ஒட்டி நிற்கின்றன, குதிகாலில் நான்கு, முன்பாதத்தில் மீதி, நுனி மட்டும் வெறுமை. ஃபுட்பால் ஷூவின் மேல்பாகம் தடித்தது, பக்கங்களில் கெட்டியான வார்ப்பு, முன்புறம் அகலம், கணுக்காலைப் பாதி மூடுகிறது. வரிசையில் நின்று மோதுகிறவர்கள் இன்னும் உயரமானதைப் போடுவார்கள், பந்தோடு ஓடுகிறவர்கள் தாழ்ந்ததை. மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், சாக்கர் ஷூ ஒன்று 210 கிராம், ஃபுட்பால் ஷூ ஒன்று 340. அப்புறம் அந்த நுனி ஸ்டட். மீதி எல்லா ஸ்டட்டும் தரையை நேராகக் குத்துவதற்கு நிற்கின்றன, இது ஒன்று மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பின்னோக்கி உந்துவதற்கென்றே நிற்கிறது.

ஷூவுக்குள் கையை விட்டு, சாக்கரில் பந்தைப் பறிக்கப் போகிறவனின் கால் எப்படிப் போகும் என்று மெதுவாக நடத்திப் பார்த்தேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்து என் முழங்காலுக்குக் கீழே, எலும்பு தோலோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஷூவின் மூக்கை இடித்தேன். ஓங்கியெல்லாம் இல்லை, கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான். சாக்கர் ஷூ இடித்தபோது மொண்ணையாகப் பட்டது. ஃபுட்பால் ஷூ இடித்தபோது அந்த ஒற்றை ஸ்டட்தான் முதலில் வந்தது, அதுவே தனியாக வந்தது. காலை மறுநாளும் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையின் இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது. அதை நான் முழுசாக மறந்திருந்தேன். கோபத்தில் முதல் பாதியை மட்டும்தான் மனது பத்திரப்படுத்தியிருந்தது. மகன் உள்ளே இறங்கின ஐந்தாவது நிமிடமோ என்னவோ, அவனும் எதிரணிப் பையன் ஒருவனும் ஒரே பந்துக்கு ஓடினார்கள். இவன் கால் பந்தைத் தவறவிட்டு அந்தப் பையனின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஷின் கார்டுக்கு மேலே, நேராகப் போய் இடித்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தப் பையன் எழுந்து, இரண்டு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டு ஓடிப்போனான். அவன் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கால் போன விதத்தை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருபது நிமிடத்துக்கு முன்னால் அந்த ஷூவின் மூக்கில் இருந்தது என் முன்னால் விளம்பரத் தாளில் கிடந்தது. அந்தப் பதினைந்து வயதுப் பையன் குனிந்து விரலால் அழுத்திப் பார்க்காமல் போயிருந்தால், அல்லது நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து சரி என்று விட்டிருந்தால்?

மீதி ஸ்டட் அடிபடாதா என்று அன்று நான் கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேயே இருந்தது. படும்தான். ஆனால் மற்ற ஸ்டட்கள் அடுத்தவன் மேல் பட வேண்டுமானால் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு போக வேண்டும், சாக்கரில் அது தப்பாட்டம். நுனி ஸ்டட்டுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. ஒழுங்காக, நேர்மையாகப் பந்தை உதைக்கப் போகிறவனின் காலில்கூட அது முதலில் போய்ப் படும். பந்தைத் தவறவிட்டால் போதும். உதைக்கிறவனுக்கும் அது நல்லதில்லை. கால் தரையை ஒட்டி வீசி வரும்போது நுனி புல்லில் சொருகிக்கொண்டால் விசை முழுவதும் அவன் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் திரும்பும். சாக்கரின் சட்டப் புத்தகத்தில் ஷூவுக்கு இத்தனை ஸ்டட், இந்த இடத்தில் ஸ்டட் என்று எழுதவில்லை, ஆபத்தான எதையும் அணியக் கூடாது என்பதுதான் நான்காம் விதி. மீதியைக் குனிந்து பார்க்கிறவரின் விரல் முடிவு செய்ய வேண்டும்.

பிடிப்பது, விடுவது

இதற்கப்புறம் சில மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிடிப்பு அதிகமானால் நல்லது என்ற ஒரே எண்ணத்தோடுதான் எல்லோருமே தொடங்கியிருக்கிறார்கள். அது எந்த அளவுக்குச் சரி என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் யாருடைய முழங்காலோ செலவாகியிருக்கிறது.

1934 டிசம்பர் 9, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும். மைதானம் உறைந்து பாறையாகக் கிடக்கிறது. ஸ்டட் வைத்த ஷூ தரையில் இறங்கவே இல்லை. இடைவேளையில் ஜயன்ட்ஸ் 3-10 என்று பின்தங்கியிருக்கிறார்கள். மன்ஹாட்டன் கல்லூரியிலிருந்து பாஸ்கெட்பால் ஷூக்களை வாங்கிக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார், இரண்டாம் பாதியில் பலரும் அதை மாட்டிக்கொள்கிறார்கள். கடைசிக் கால் பகுதியில் மட்டும் 27 புள்ளிகள், 30-13 என்று ஜெயித்தார்கள். ஸ்டட்டே இல்லாத ஷூ ஜெயித்தது. இருபது வருடம் கழித்து 1954 ஜூலை 4-ல் இதற்கு நேர்மாறு. பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி, மழை, சேறு. எட்டு நிமிடத்தில் ஹங்கேரி 2-0. மேற்கு ஜெர்மனி வீரர்களின் அடிடாஸ் ஷூவில் ஸ்டட்டைத் திருகிக் கழற்றி நீளமானதை மாட்ட முடியும். 3-2 என்று ஜெர்மனி ஜெயித்தது. ஷூவால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சேற்றில் நீள ஸ்டட் கைகொடுத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என்னை நிறுத்தி வைத்தது இந்த இரண்டு கதையும் அல்ல, பிலடெல்ஃபியா. அறுபதுகளின் கடைசியில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஃபுட்பாலுக்குப் போட்ட ஷூவில் முக்கால் அங்குல நீளத்தில் ஏழு ஸ்டட்கள். ஆழமாக இறங்கி நன்றாகப் பிடிக்கும். பிடித்தது விடாது. கால் தரையில் நட்டுக்கொண்டு நிற்கும்போது பக்கவாட்டில் ஒருவன் வந்து மோதினால் உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் இருக்கும் முழங்கால் கிழியும். ஜோசப் டார்க் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் நகரத்துப் பொதுப் பள்ளி லீக்கில் ஷூவை மாற்றிப் பார்த்தார்கள். மாற்றினது எதற்கு? சாக்கர் ஷூவுக்கு. முக்கால் அங்குலத்தில் பாதி உயரம், ஏழுக்குப் பதிலாகப் பதினான்கு ஸ்டட்கள். முழங்கால் காயங்கள் எண்ணிக்கையிலும் குறைந்தன, கடுமையிலும் குறைந்தன. 1971-ல் அது வெளிவந்தது. தொண்ணூறுகளில் டெக்சாஸிலிருந்தே இன்னொன்று வந்தது. 1989 முதல் 1991 வரை மூன்று பருவங்கள், 3,119 உயர்நிலைப்பள்ளி ஃபுட்பால் ஆட்டக்காரர்கள். அடியின் ஓரத்தில் நீளமான, ஒழுங்கற்ற ஸ்டட்களை நிறுத்திய ஷூக்கள் மற்றவற்றைவிடத் திருப்பத்தில் அதிகம் பிடித்தன, அதைப் போட்டவர்களுக்கே முழங்காலின் முன் தசைநார் அதிகம் அறுந்தது.

அந்தத் தசைநாரை ஏசிஎல் என்று இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு அறுவைச் சிகிச்சையும் ஒன்பது பத்து மாதமும் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் அந்த இரும்புப் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு எது நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டு ஷூ வாங்குகிறோம். எது சரியான நேரத்தில் விடும் என்றும் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்டதே இல்லை. செயற்கைப் புல்லில் இது இன்னும் முக்கியம். இங்கே பாதி மைதானங்கள் செயற்கைப் புல், கறுப்பு ரப்பர் துகள் வீட்டுக் கம்பளமெல்லாம் உதிரும். இயற்கைப் புல்லில் ஸ்டட் மாட்டினால் மண் பெயர்ந்து காலை விட்டுக்கொடுக்கும். செயற்கைப் புல் பெயராது. அதற்கென்று குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ஸ்டட் வைத்த ஷூ தனியாக இருக்கிறது, நம்மவர்கள் அதையும் வியாபாரத் தந்திரம் என்றே சொல்கிறார்கள். நானும் சொன்னவன்தான்.

ஒருவழிப் பாதை

ஆக என் பழைய கட்சியில் என்ன மிச்சம்? பாதி மிச்சம். சாக்கர் ஷூவைப் போட்டுக்கொண்டு ஃபுட்பால் ஆடலாம், யாரும் நிறுத்த மாட்டார்கள், பந்து பிடிக்க ஓடுகிற இடங்களில் சில பேர் விரும்பியே போடுகிறார்கள். முதல் அடியில் கொஞ்சம் வழுக்கும், யாராவது மிதித்தால் மெல்லிசு மேல்தோல் வழியே நன்றாக வலிக்கும், கணுக்காலுக்குத் துணை இருக்காது. நஷ்டம் போட்டிருப்பவனுக்கு. ஃபுட்பால் ஷூவைப் போட்டுக்கொண்டு சாக்கர் ஆடினால் நஷ்டம் அடுத்தவனுக்கு. இந்த வித்தியாசம்தான் எனக்கு ஐந்து வருடம் பிடிபடவில்லை. என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், ரெஃபரி அந்தக் கோட்டில் நின்ற மற்றப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்திருக்கிறான்.

இப்போது யாராவது கேட்டால் வேறு மாதிரி சொல்கிறேன். ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் சாக்கர் ஷூவை வாங்குங்கள். வாங்கும் முன் கவிழ்த்து நுனியைப் பாருங்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க வேண்டியதில்லை. சாக்கர் ஷூவை விரலுக்கு முன்னால் அதிக இடம் விடாமல் வாங்க வேண்டும். வளர்ற பிள்ளை என்று ஒரு அளவு பெரிசாக வாங்குகிற நம் வழக்கம் இங்கே ஆகாது, உள்ளே கால் நகர்ந்தால் கொப்புளமும் வரும், பந்தும் தவறும். பழைய ஷூக்களை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எங்கள் குழுவில் இப்போது ஒரு பெட்டியே சுற்றி வருகிறது. அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்கிறேன். நுனியை அறுத்துவிட்டாலும் மீதி ஷூ இன்னொரு ஆட்டத்துக்குச் செய்ததுதான். எட்டு வயதுக் காலுக்கு அந்தக் கனம் கனம்தான்.

ஒரே ஒரு இடத்தில் சாக்கர் ஷூ ஃபுட்பாலுக்குள் தலைநிமிர்ந்து போயிருக்கிறது. ஃபீல்ட் கோல், அதாவது பந்தை இரண்டு கம்பத்துக்கு நடுவே போகும்படி, உதைக்கிற கிக்கர். முன்பெல்லாம் நேர் எதிரே ஓடிவந்து விரல் நுனியால் இடிப்பார்கள், அதற்கென்று மூக்கு தட்டையான, கெட்டியான ஷூ இருந்தது. பிறவியிலேயே வலது பாதத்தில் விரல்கள் இல்லாத டாம் டெம்ப்சி, முன்பக்கம் தட்டையான தனி ஷூவோடு 1970-ல் 63 கெஜம் உதைத்தார், அந்தச் சாதனையைத் தாண்ட 2013 ஆக வேண்டியிருந்தது. 1956-ல் ஹங்கேரியை விட்டுத் தப்பி வந்த குடும்பத்துப் பையன் பீட் கோகோலாக், ஊரில் சாக்கர் ஆடின பழக்கத்தில் பக்கவாட்டில் ஓடிவந்து மேல்பாதத்தால் உதைத்தார். அவர் படித்த உயர்நிலைப்பள்ளியில் சாக்கர் அணியே இல்லை, அதனால்தான் ஃபுட்பாலுக்குப் போனார். 1964-ல் பஃபலோ பில்ஸில் சேர்ந்தபோது தொழில்முறை ஆட்டத்தில் அப்படி உதைத்த முதல் ஆள். 1986-க்குப் பிறகு நேராக இடிக்கிற முழுநேரக் கிக்கர் யாரும் இல்லை. மேல்பாதத்தால் உதைக்கிறவனுக்கு மெல்லிசுத் தோலும் வெறுமையான நுனியும்தான் வேண்டும். கனத்த தலைக்கவசத்துக்கும் தோள் கவசத்துக்கும் கீழே கிக்கரின் காலில் இருப்பது சாக்கர் ஷூதான், அதுவும் பல பேர் தங்கள் அளவைவிடச் சிறியதை இறுக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் கோச் மகனிடம், நீ சாக்கர் ஆடினவன்தானே, உதைத்துக் காட்டு என்றார். உதைத்தான். அன்றிலிருந்து பையில் இரண்டு ஜோடி போகிறது. வியாழக்கிழமைச் சாயங்கால ஆட்டங்களில் ஓரத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வான், மறுபடி மாற்றுவான், முடிச்சு இறுகி அவிழாமல் ஒரு தடவை ஆட்டம் இவனுக்காகக் கொஞ்சம் நின்றது. அக்டோபரில் ஒரு மழைநாள், தரை சொதசொதவென்று இருந்தது. இவன் உதைக்கப் போனபோது பார்க்கிறேன், வலது காலில் பச்சை ஷூ, இடது காலில் கறுப்பு ஷூ. உதைக்கிற காலுக்குச் சாக்கர், ஊன்றுகிற காலுக்கு ஃபுட்பால். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடது கால் ஈரத்தில் நட்டுக்கொண்டு நின்றது, வலது கால் புல்லைத் தொட்டும் தொடாமலும் வீசி வந்தது, பந்து கம்பத்துக்கு நடுவே போனது.

வீட்டுக்கு வந்து ஷூவையெல்லாம் வாசலில் கழற்றிப் போட்டான், நாலும் சேறு. இடது கறுப்பு ஷூவின் நுனி ஸ்டட்டில் புல் வேரோடு சிக்கியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துக் கழுவி, நாலையும் சுவரோரம் சாய்த்து வைத்தேன், காலைக்குள் காய வேண்டும்.